சிங்கப்பூர் நதியின் முகத்துவாரத்தில்: தகர்க்கப்பட்ட கல்லும் திரும்பி வந்த நினைவும்

சிங்கப்பூருக்குச் செல்லும் நம்மவர்களின் நிகழ்ச்சிநிரல் பெரும்பாலும் ஒரேமாதிரியானது. சிராங்கூன் வீதியில் உணவும் நகைக்கடையும், வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு வழிபாடு, மாலையில் சிங்கத்தலையும் மீனுடலும் கொண்ட மெர்லயன் சிலையின் முன்னால் ஒரு புகைப்படம். நானும் முதற்பயணத்தில் இதையே செய்தேன். அந்தச் சிலையில் இருந்து பாலத்தைக் கடந்து பத்து நிமிடங்கள் நடந்தால் எஸ்பிளனேட் பூங்கா வந்துவிடும். ஆனால், சிலையைப் பார்த்தவர்களில் மிகச்சிலரே பூங்காவிற்குள் செல்கின்றனர். அங்கே வேடிக்கை பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதே காரணமாக இருக்கலாம். மழைமரங்களும் கல் இருக்கைகளும் சில பழைய நினைவுச்சின்னங்களும் மாத்திரமே அங்கிருக்கின்றன.

இரண்டாவது பயணத்தின்போது ஒரு மாலைப்பொழுதை முழுமையாக அங்கே செலவிட்டேன். ஒன்றையொன்று பகைத்துக்கொண்ட மூன்று நினைவுகள் ஒரே புற்றரையில் அருகருகே இருப்பதைக் கண்டேன். அவற்றில் ஒன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, அரை நூற்றாண்டின் பின்னர் மீண்டு வந்தது. அந்த நினைவில் மலாயாத் தமிழர்களுக்குப் பெரும் பங்குண்டு. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

எழுத்துக் கல்

பூங்காவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் நதியின் வாயிலைப் பற்றிச் சொல்லவேண்டும். சிங்கப்பூர் நதி கடலுடன் கலந்த இடத்தில், 1819 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் காடு வெட்டியபோது, மூன்று மீற்றர் அளவு உயரமும் அகலமும் கொண்ட மணற்பாறை ஒன்று காணப்பட்டது. அதில் ஏறத்தாழ ஐம்பது வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. அறிஞர்கள் பலர் முயன்றும் அவற்றை வாசிக்க இயலவில்லை. 1843 இல், நதிவாயிலில் இருந்த கோட்டையை விரிவாக்குவதற்காக அந்தப் பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய துண்டுகளில் ஒன்று இன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருட்சாலையில் உள்ளது. தமிழ்நாட்டு மன்னர்களின் படையெடுப்புகளோடு இந்தக் கல்லைத் தொடர்புபடுத்தி எழுதுவோர் உண்டு. வாசிக்கப்படாத எழுத்தின்மீது உரிமை கொண்டாடுவது எளிது. அது எந்த மொழி என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை என்பதே உண்மை.

இதே நதிவாயிலில் வெடிமருந்துக்கு இரையான கல் இது ஒன்று மட்டுமல்ல. அதைப் பின்னர் பார்ப்போம்.

நதியின் தமிழர்கள்

றாபிள்ஸ் 1819 ஜனவரி மாதம் சிங்கப்பூரில் கரையிறங்கினார். அதே ஆண்டு மே மாதம் அவர் இரண்டாவது தடவையாக வந்தபோது, பினாங்கில் இருந்து நாராயண பிள்ளை என்ற தமிழர் உடன் வந்தார். முதலாவது செங்கற்சூளையை நிறுவியவர் அவர். 1827 இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் உருவாக்கத்திலும் அவரே முன்னின்றார். 2019 இல், இருநூறாவது ஆண்டை ஒட்டி, நதிக்கரையில் நிற்கும் றாபிள்ஸ் சிலையின் பக்கத்தில் மேலும் நால்வரின் சிலைகள் சில நாட்களுக்கு வைக்கப்பட்டன. அவர்களில் ஒருவர் நாராயண பிள்ளை. இருநூறு ஆண்டுகள் காத்திருந்தவருக்குச் சில நாட்கள்தான் கிடைத்தன என்று சலித்துக்கொள்வதா, அந்தளவிற்காவது நினைத்தார்களே என்று ஆறுதல் கொள்வதா என்பதை வாசகர்களின் தீர்ப்பிற்கு விட்டுவிடுகிறேன்.

நதியின் ஆரம்பகாலப் படகோட்டிகளில் பெரும்பங்கினர் சூலியா என்று அழைக்கப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்கள். நங்கூரமிட்ட கப்பல்களில் இருந்து பண்டங்களை இறக்கிக் கரைசேர்த்தவர்கள் அவர்களே. காலப்போக்கில் அந்தத் தொழில் சீனர்களின் கைக்கு மாறியது. இன்று வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே சூலியா வீதி என்ற பெயர் மாத்திரம் எஞ்சியிருக்கிறது. அருகில் உள்ள மார்க்கெட் வீதியில்தான் நகரத்தார்களின் கிட்டங்கிகள் இருந்தன.

குற்றவாளிகளாக நாடுகடத்தப்பட்ட இந்தியர்களையும் இங்கே மறந்துவிடக்கூடாது. 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரின் வீதிகளையும் கட்டடங்களையும் அமைத்ததில் அவர்களின் உழைப்புப் பெரிது. பூங்காவில் இருந்து பார்த்தால் மைதானத்திற்கு அப்பால் வெண்ணிறக் கூம்புடன் தெரியும் புனித அந்திரேயர் பேராலயம் 1862 இல் அபிஷேகம் செய்யப்பட்டது. அதனைக் கட்டியவர்கள் அந்தக் கைதிகளே. சுண்ணாம்புடன் முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்துப் பூசும் ‘மெட்ராஸ் சுண்ணம்’ என்ற பூச்சு முறைதான் அதன் சுவர்களுக்கு மெருகேற்றியது.

நதிக்கரையில் தமிழ் எழுத்தையும் காணலாம். எம்பிரஸ் பிளேஸ் சதுக்கத்தில் டல்ஹௌசி பிரபுவின் பெயரால் ஒரு கற்றூண் உள்ளது. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த அவர் 1850 பெப்ரவரியில் சிங்கப்பூருக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பட்டது. தடைகளற்ற வணிகத்தின் பெருமையைச் சொல்லும் அந்த வாசகம் ஆங்கிலத்திலும் சீனத்திலும் யாவி எழுத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இந்தத் தமிழ் வாசகத்தின்முன் நின்றபோது, இந்த நதிக்கரையில் நாம் நேற்று வந்தவர்களல்லர் என்ற எண்ணம் தோன்றியது.

முதலாவது நினைவு

இனிப் பூங்காவிற்குள் நுழைவோம். ஒருபுறம் பாடாங் என்ற பரந்த மைதானம். மறுபுறம் நீர். இன்று குடாவைப்போலத் தோன்றும் இந்த நீர்ப்பரப்பு முன்னர் திறந்த கடலாக இருந்தது. 1953 இல் இரண்டாம் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழாவை ஒட்டிக் கரையோர நடைபாதைக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. மாலை வேளைகளில் குடும்பங்கள் கடற்காற்று வாங்க வந்த இடம் இது. பின்னர் இங்கே இயங்கிவந்த சாத்தே உணவுக்கடைத் தொகுதியைப் பழைய தலைமுறையினர் இன்னமும் ஏக்கத்துடன் நினைவுகூருகின்றனர். 1995 இல் அது மூடப்பட்டது. முள்நாறிப் பழத்தின் தோலைப் போன்ற கூரையைக் கொண்ட கலையரங்கம் 2002 இல் பூங்காவின் அருகே திறக்கப்பட்டது.

பூங்காவின் நடுவே உயர்ந்து நிற்கிறது போர்வீரர் நினைவுத்தூபி. முதலாம் உலகப்போரில் உயிரிழந்த, சிங்கப்பூரில் பிறந்த அல்லது வாழ்ந்த 124 பிரித்தானியர்களுக்காக எழுப்பப்பட்டது. 1920 நவம்பர் 15 இல் அடிக்கல் நாட்டப்பட்டபோது, பிரான்சின் போர்க்காலப் பிரதமராக இருந்த கிளெமென்சோ பிரசன்னமாகியிருந்தார். 1922 மார்ச் 31 இல் வேல்ஸ் இளவரசர் எட்வேர்ட் அதனைத் திறந்துவைத்தார். இரண்டாம் உலகப்போரில் மாண்டவர்களுக்கான வாசகம் பின்னர் மறுபக்கத்தில் சேர்க்கப்பட்டது. நாம் வாழ்வதற்காக அவர்கள் மடிந்தனர் என்ற பொருள்பட, நான்கு மொழிகளில் அமைந்த வாசகம் அது. அவற்றில் தமிழும் ஒன்று.

1922 இல் இளவரசரின் பரிவாரத்தில் இருபத்தொரு வயதுக் கடற்படை அதிகாரி ஒருவர் வந்திருந்தார். அவர்தான் மவுண்ட்பேட்டன். இருபத்துமூன்று ஆண்டுகளின் பின்னர், தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் பிரதம தளபதியாக, இதே மைதானத்தை நோக்கி நிற்கும் நகரசபைக் கட்டடத்தில், 1945 செப்டெம்பர் 12 இல், யப்பானியரின் சரணாகதியை ஏற்றுக்கொண்டவரும் அவரே. அவருடைய பெயரை மீண்டும் ஒருதடவை சந்திக்க நேரிடும்.

இரண்டாவது நினைவு

சற்றுத் தொலைவில் சீனக் கோபுர வடிவில், வெண்கலச் சிங்கங்கள் காவல்நிற்க, எண்கோண நினைவுச்சின்னம் ஒன்றிருக்கிறது. லிம் போ செங் என்பவருக்குரியது. 1909 இல் சீனாவில் பிறந்து, பதினாறு வயதில் சிங்கப்பூருக்கு வந்த வணிகர். சீனா மீதான யப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து நிதிதிரட்டியவர். 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்வதற்குச் சற்று முன்னர் தப்பிச்சென்று, பிரித்தானியரின் ‘போர்ஸ் 136’ என்ற இரகசியப் படைப்பிரிவில் இணைந்தார். மலாயாவிற்குள் இரகசியமாக ஊடுருவி வேவு வலையமைப்பை நடத்தியபோது, 1944 இல் பிடிபட்டார். கடும் சித்திரவதைக்குள்ளாகியும் தோழர்களைக் காட்டிக்கொடுக்காத அவர், அதே ஆண்டு ஜூன் 29 இல் பத்து காஜா சிறையில் உயிர்துறந்தார். வயது முப்பத்தைந்து. சரியாகப் பத்து ஆண்டுகளின் பின்னர், 1954 ஜூன் 29 இல் இந்த நினைவுச்சின்னம் திறந்துவைக்கப்பட்டது. அவருடைய வரலாறு இங்கும் நான்கு மொழிகளில், தமிழ் உட்பட, வெண்கலத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது.

சிங்கப்பூர்ச் சீனர்களுக்கு யப்பானியரின் ஆட்சி எப்படி ஆரம்பித்தது என்பதை அறிந்தால்தான் இந்தச் சின்னத்தின் கனம் புரியும். நகரம் வீழ்ந்த சில தினங்களில், ‘சூக் சிங்’ என்று பின்னர் அறியப்பட்ட களையெடுப்பில் சீன ஆண்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். யப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்ட தொகை ஐயாயிரம் அளவில். சீனர்களின் மதிப்பீடு ஐம்பதாயிரம்வரை செல்கிறது. வீதிக்கு அப்பால் 1967 இல் எழுப்பப்பட்ட, நான்கு தூண்களாலான குடிமக்கள் போர் நினைவகம் அந்தக் காலத்தில் மாண்ட அனைத்து இனத்தவர்களுக்கும் உரியது.

மூன்றாவது நினைவு

இந்தப் பூங்காவில் எளிமையானதும் எளிதில் தவறவிடக்கூடியதுமான அடையாளம் இந்திய தேசிய இராணுவத்திற்குரியது. திறந்த புத்தக வடிவிலான ஒரு வரலாற்றுப் பலகை, அவ்வளவே. அதன் பின்னால் இருக்கும் கதையோ நீளமானது.

சிங்கப்பூர் வீழ்ந்து இரண்டு நாட்களின் பின்னர், ஃபாரர் பார்க் திடலில் நாற்பதாயிரத்திற்கும் அதிகமான இந்தியச் சிப்பாய்கள் யப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களில் இருந்தே கப்டன் மோகன் சிங்கின் தலைமையில் முதலாவது இந்திய தேசிய இராணுவம் உருவானது. யப்பானியருடன் ஏற்பட்ட முரண்பாட்டினால் அதே ஆண்டின் இறுதியில் அது கலைந்தது. 1943 ஜூலை 2 இல் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூருக்கு வந்ததும் நிலைமை மாறியது. ஜூலை 4 இல் கதே அரங்கில் தலைமையை ஏற்றார். மறுதினம் பாடாங் மைதானத்தில் படையணிவகுப்பைப் பார்வையிட்டு, டில்லியை நோக்கிப் புறப்படுமாறு அறைகூவல் விடுத்தார்.

அதன் பின்னர் அந்த இராணுவத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் சிப்பாய்கள் அல்லர். றப்பர்த் தோட்டங்களில் இருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். இந்தியாவைத் தம் வாழ்நாளில் கண்டேயிராத பலரும் அவர்களில் இருந்தனர். சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதனின் தலைமையில் ஜான்சி ராணிப் படைப்பிரிவு உருவாக்கப்பட்டு, 1943 ஒக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தோட்டத்துப் பெண்களும் கற்ற குடும்பத்துப் பெண்களும் அங்கே ஒரே சீருடை அணிந்தனர். அவர்களில் ஒருவர் மலாயாவில் வாழ்ந்த இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ராசம்மா நவரத்தினம். பதினாறு வயதில் சகோதரி பொன்னம்மாவுடன் படையில் சேர்ந்து பர்மாவரை சென்றவர். பிற்காலத்தில் ராசம்மா பூபாலன் என்ற பெயரில் மலேசியாவில் ஆசிரியராகவும், பெண் ஆசிரியர்களின் சமசம்பளத்திற்காகப் போராடியவராகவும் புகழ்பெற்றார்.

1944 இல் இம்பால் களத்தில் யப்பானியருடன் சேர்ந்து இந்திய தேசிய இராணுவமும் தோற்றது. பசியும் மலேரியாவும் பருவமழையும் துப்பாக்கிகளைவிட அதிகமானோரைக் கொன்றன. தோல்வி உறுதியாகிவிட்ட நிலையில், 1945 ஜூலை 8 இல், போஸ் இந்தக் கடற்கரையில் பெயரறியா வீரனுக்கான நினைவுச்சின்னம் ஒன்றிற்கு அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்று சொற்களை அது தாங்கியிருந்தது. கட்டும் பொறுப்பு கேர்ணல் சிறில் ஜோன் ஸ்ட்ரேசி என்ற ஆங்கிலோ இந்திய அதிகாரியிடம் கொடுக்கப்பட்டது. ஓகஸ்ட் 15 இல் யப்பான் சரணடைவதாக அறிவித்தது. மறுதினம் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்ட போஸ், 18 ஆம் திகதி தாய்பேயில் நிகழ்ந்த விமான விபத்தில் மரணமடைந்தார். தலைவரும் இல்லை, போரும் முடிந்துவிட்டது. ஆயினும் ஸ்ட்ரேசி வேலையை நிறுத்தவில்லை. நினைவுச்சின்னம் கட்டிமுடிக்கப்பட்டது.

செப்டெம்பர் 5 இல் பிரித்தானியப் படைகள் திரும்பிவந்தன. மவுண்ட்பேட்டனின் உத்தரவின்பேரில், அந்த மாதத்திலேயே நினைவுச்சின்னம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் ஆயுள் சில வாரங்கள் மாத்திரமே.

வெற்றிபெற்ற தளபதியின் பார்வையில், அது விசுவாசம் மாறிய சிப்பாய்களைப் போற்றும் கல். ஆனால், அதைத் தகர்த்ததனால் அவர் எதைச் சாதித்தார்? சில வாரங்களிலேயே டில்லி செங்கோட்டையில் ஆரம்பமான இராணுவ விசாரணைகள் இந்தியாவெங்கும் கொந்தளிப்பை ஏற்படுத்தின. 1946 பெப்ரவரியில் கடற்படையினர் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த மாதம் நேரு சிங்கப்பூருக்கு வந்தபோது, இடிபாடுகளின் முன் பகிரங்கமாக மலர்வளையம் வைக்கவேண்டாம் என்று மவுண்ட்பேட்டன் கேட்டுக்கொள்ள, நேரு அதற்கு இணங்கினார். இருவரும் முதன்முதலாகச் சந்தித்தது அந்தப் பயணத்தில்தான். அடுத்த ஆண்டில் ஒருவர் இந்தியாவின் கடைசி வைஸ்ராய், மற்றவர் முதலாவது பிரதமர். கல்லைத் தகர்த்தவரே கொடியிறக்கவும் நேர்ந்தது.

அந்த இடத்தில் 1995 இல், போர் முடிந்த ஐம்பதாவது ஆண்டில், சிங்கப்பூர் தேசிய மரபுடைமைக் கழகம் இந்திய சமூகத்தின் நிதியுதவியுடன் இப்போதைய அடையாளத்தை நிறுவியது.

பகைத்த நினைவுகள் அருகருகே

கல் இருக்கையொன்றில் அமர்ந்து இவற்றையெல்லாம் எண்ணிப்பார்த்தேன். தூபி பிரித்தானிய சாம்ராச்சியத்திற்காக மாண்டவர்களுக்குரியது. கோபுரச்சின்னம் பிரித்தானியருடன் சேர்ந்து யப்பானியரை எதிர்த்து மாண்டவருக்குரியது. பலகை, யப்பானியருடன் சேர்ந்து பிரித்தானியரை எதிர்த்தவர்களுக்குரியது. லிம் போ செங்கும் ஒரு தோட்டத் தமிழ் வீரனும் 1944 இல் நேரெதிரே சந்தித்திருந்தால் ஒருவரையொருவர் சுட்டிருப்பார்கள். இன்று சில நிமிட நடைத்தூரத்தில் இருவருக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

நம்மவர்கள் போஸின் வீரத்தைப் பேசும்போது ஒன்றைச் சௌகரியமாக மறந்துவிடுவதுண்டு. அவருக்குத் துணைநின்ற அதே யப்பானியர்கள்தான் பர்மா ரயில் பாதை அமைப்பதற்காக மலாயாத் தோட்டங்களில் இருந்து தமிழர்களை அள்ளிச்சென்றனர். 415 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையில் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வாந்திபேதியாலும் பட்டினியாலும் மடிந்தனர். ஒரே தோட்டத்தில் ஒரு சகோதரன் விடுதலைப்படையிலும் இன்னொருவன் மரண ரயில்பாதையிலும் இருந்திருக்க முடியும். பலருக்கு அந்தப் பாதைக்குச் செல்வதில் இருந்து தப்புவதற்கான வழியாகவும் இராணுவத்தில் சேர்வது அமைந்தது. அவர்களைத் துரோகி என்பதும் தியாகி என்பதும் எளிய சொற்கள். அந்த எளிய மனிதர்களின் முன்னால் இருந்த தெரிவுகள் அவ்வளவு எளியவையாக இருக்கவில்லை. ரயில்பாதையில் மாண்ட தமிழர்களுக்கென இந்தப் பூங்காவில் ஒரு கல்லும் இல்லை.

ஒரு நினைவுச்சின்னத்தைத் தகர்ப்பவர்கள், நினைவு கல்லுக்குள் இருப்பதாக எண்ணுகிறார்கள். அது மனிதர்களுக்குள் இருக்கிறது என்பதற்கு இந்தப் பலகை சாட்சி. தனது மக்களின் கசப்பான, முரண்பட்ட நினைவுகளுக்கு அருகருகே இடமளித்ததனால் சிங்கப்பூர் சிறுத்துவிடவில்லை. 2010 இல் தூபியும் லிம் போ செங் சின்னமும் பூங்காவின் பழைய நீரூற்றும் தேசிய நினைவுச்சின்னங்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. எமது சின்னத்திற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பட்டியலில் சேர்ப்பதற்கு மூலக்கல் எஞ்சியிருக்க வேண்டுமல்லவா?

அந்த நீரூற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். 1857 இல் டான் கிம் செங் என்ற சீன வணிகர், நகர மக்களுக்குக் குடிநீர் கிடைக்கவேண்டும் என்று 13,000 டொலர்களை நன்கொடையாக வழங்கினார். அதிகாரிகள் அந்தப் பணத்தை வீணடித்தனர். குடிநீர்த்திட்டம் நிறைவேறியது 1878 இல். அப்போது அவர் இறந்து பதினான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. வெட்கத்தை மறைப்பதற்காகவோ என்னவோ, நகராட்சி 1882 இல் அவருடைய நினைவாக இந்த நீரூற்றை அமைத்தது. 1925 இல் அது பூங்காவிற்கு இடம்பெயர்க்கப்பட்டது.

இருள் சூழத்தொடங்கியபோது எழுந்து, நீரோரமாக நடந்தேன். ஒருகாலத்தில் சாக்கடையாக நாறிய சிங்கப்பூர் நதி, 1977 இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்த பெருந்திட்டத்தினால் தூய்மையாக்கப்பட்டது. 2008 இல் முகத்துவாரக் குடாவிற்குக் குறுக்கே தடுப்பணை திறக்கப்பட்டபின், கடல் உட்புகும் வழி அடைபட்டு, அந்தக் குடாவே நன்னீர்த்தேக்கமாக மாறியது. டான் கிம் செங்கின் நீரூற்றின் எதிரே, அவர் விரும்பிய குடிநீர் இப்போது ஒரு குடா நிறையக் கிடக்கிறது. அவருடைய எண்ணம் ஈடேறவும் காலம் எடுத்தது. தகர்க்கப்பட்ட கல்லின் இடத்தில் ஒரு பலகை வரவும் காலம் எடுத்தது.

அடுத்ததடவை சிங்கப்பூர் செல்பவர்கள் மெர்லயனின் முன்னால் புகைப்படம் எடுத்த பிறகு பாலத்தைக் கடந்து பத்து நிமிடங்கள் நடந்துபாருங்கள். அங்கே நமது எழுத்தும் இருக்கிறது, நமது இழப்பும் இருக்கிறது.